பீங்கான் கரண்டிக் கணக்கு

பினாங்கு ஸ்ட்ரீட், பினாங்கு
11 ஜனவரி 1932

என் அக்காள் பெற்ற அறிவுக் களஞ்சியமும், தைப்பிங் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டை ஒற்றை விரலால் ஆட்டிவைப்பவளுமாகிய மருமகள் நவமணிக்கு, மாமா அர்ஜுனன் அருவருப்புடன் எழுதிக்கொள்வது.

நான் சுகம் என்று எழுத மாட்டேன். சுகமாக இருப்பவன் எவனும் இப்போது என் மடியில் கிடக்கும் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டான். இங்கிலீஷ்காரன் எழுதிய மருந்துக் கணக்குப் புத்தகம். மூன்று நாளாகப் படிக்கிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பெருங்காயமும் மீனெண்ணெயும் உடைந்து ஒன்றாகக் கலந்து ஓடிய நாளில்கூட நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டவன் என்பது பினாங்குத் தீவு முழுவதும் அறிந்த செய்தி.

நடந்தது இதுதான். விஷ மருந்து அலமாரியின் சாவி இனிமேல் பரீட்சை தேறியவன் இடுப்பில்தான் தொங்கலாமாம். சட்டம் வந்துவிட்டது. இருபது வருஷம் என் இடுப்பில் தொங்கித் தொங்கி அங்கே ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அதற்கு மரியாதை இல்லை. ஏப்ரலில் பரீட்சை. தேறினால் லைசென்ஸ். தேறாவிட்டால் சிங்கப்பூரிலிருந்து மீசை முளைக்காத ஒருவன் சர்டிபிகேட்டோடு வந்து என் ஸ்டூலில் உட்காருவான், நான் பின்கட்டுக்குப் போய்ப் புட்டி கழுவுவேன். எங்கள் முதலாளி நாகூர் மீரான் கோப்பியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பாஸானா இங்கன இரும். இல்லேன்னா புட்டியக் கழுவும் ஓய். ரெண்டும் நம்ம கட வேலதானே."

புத்தகத்துக்கு வருகிறேன். இருபது கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள். மூன்று ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம். எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். ஆக அவுன்சுக்கு நானூற்று எண்பது கிரெயின். இதை மனப்பாடம் செய்து, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், சரக்கு வாங்கும்போது மட்டும் அதே அவுன்சுக்கு நானூற்று முப்பத்தேழரை கிரெயினாம்! ஒரே பெயர், இரண்டு எடை. இப்படித் தராசு பிடிக்கிறவனை நம் பாசார்ச் சந்தையில் மீன்காரிகள் செதிலோடு சேர்த்து உரித்திருப்பார்கள். அவனோ புத்தகம் போட்டு விற்கிறான். அந்த அரை கிரெயினை நினைத்தால் எனக்கு வாயில் உப்பு நீர் சுரக்கிறது.

விடைகள் அச்சடித்த கடைசித் தாள்களைப் பூச்சி தின்றிருக்கிறது. அதற்கும் குமட்டியிருக்கும், பாதியில் நிறுத்திவிட்டது. ஆகவே நீதான் என் விடைகளைத் திருத்த வேண்டும். நீ நர்ஸ் பரீட்சையில் இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முதல் ஆளாகத் தேறியவள் என்று அக்காள் ஊரெல்லாம் தண்டோராப் போடுகிறாள்.

பன்னிரண்டு கணக்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழாவது கணக்கு ஒன்றுதான் மனிதன் போடக்கூடியது. ஆறு அவுன்ஸ் மருந்துப் புட்டி. வேளைக்கு ஒரு டீ ஸ்பூன், நாளைக்கு மூன்று வேளை. புட்டி எத்தனை நாளைக்கு வரும்? விடை: நான்கு நாள். இதைக் கணக்கே போடாமல் எழுதினேன்.

உன் மாமா,
அர்ஜுனன்
(தற்காலிகச் சாவிக்காரன்)


தைப்பிங்
18 ஜனவரி 1932

மாமா அவர்களுக்கு நவமணி வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது, "எச்சில் கிண்ணம் கழுவ என் அக்காள் மகள் போவதா" என்று கூடத்தில் நின்று கத்தியவர் நீங்கள். பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது அந்தக் கிண்ணம் கழுவுகிற கையால்தான் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் திருத்த எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன், இனி திருத்துகிறேன்.

பன்னிரண்டில் ஐந்து சரி. இரண்டு எடையையும் ஒன்றோடொன்று குழப்பியதால் நான்கு தப்பு. இரண்டில் புள்ளியை இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள். ஒன்பதாவது கணக்கில் உங்கள் நோயாளிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் அபின் அளவுக்கு அவரோடு அவர் தெருவும் தூங்கிவிடும்.

ஏழாவது தப்பு. அது பிள்ளைகள் போடும் கணக்கு. அவுன்சுக்கு எட்டு டிராம், டிராம் ஒன்று ஒரு டீ ஸ்பூன். ஆறு அவுன்சில் நாற்பத்தெட்டு ஸ்பூன். நாளைக்கு மூன்று என்றால் பதினாறு நாள். நான்கு எங்கிருந்து வந்தது?

நவமணி


பினாங்கு
23 ஜனவரி 1932

மருமகளே,

உன் கடிதத்தின் முதல் பத்தியை மூன்று முறை படித்தேன். மேலே போகலாம்.

ஆனால் பதினாறா? பதினாறு நாளா? புத்தகமும் நீயும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் கடையின் மகத்தான தயாரிப்பு, 'இரட்டை முதலை மார்க்கு நரம்பு டானிக்', ஆறு அவுன்ஸ் புட்டியில்தான் வருகிறது. என் கையால் கலப்பது. வேளைக்கு ஒரு ஸ்பூன், மூன்று வேளை என்று லேபிளும் என் கையால் ஒட்டுவது. திங்கட்கிழமை வாங்கிப்போன ஆள் வெள்ளிக்கிழமை காலியான புட்டியோடு வந்து நிற்பான். சூலியா ஸ்ட்ரீட் கூலிகள், துறைமுகத்துத் தோணிக்காரர்கள், சீனத்துத் தச்சர்கள், எல்லாரும் அப்படித்தான். ஐந்தாம் நாள் வந்தவனைக்கூட நான் பார்த்ததில்லை. பதினாறு நாள் கழித்து ஒருவன் வந்தால் அவனுக்கு மாலை போட்டு, யானைமேல் ஏற்றி, பீச் ஸ்ட்ரீட்டில் ஊர்வலம் விடுவேன்.

எனக்கு இருபது வருஷ சாட்சி இருக்கிறது. இங்கிலீஷ்காரனிடம் என்ன இருக்கிறது? ஒரு பேனா. இந்த ஏமாற்றை எழுதித்தான் நான் தேற வேண்டுமென்றால், பரீட்சை மண்டபத்தில் ஒரு எச்சில் படிக்கமும் வைக்கச் சொல்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பரீட்சைக்கு உட்கார முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் வேண்டுமாம், இந்த ஆள் என் கடையில் இத்தனை வருஷம் மருந்து கலந்தான் என்று. மார்ச் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். "போடலாம் ஓய், எங்க ஓடிப்போகுது" என்கிறார் மீரான். அந்தத் தாள் அவர் கல்லாவுக்குள் கிடக்கிறது. அதோடு என் கழுத்தும் கிடக்கிறது.

மாமா


தைப்பிங்
30 ஜனவரி 1932

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பிடும்போது படித்தேன். எங்கள் நர்ஸ்கள் சாப்பாட்டு அறையில் அன்று சீன மீ நூடுல்ஸ் சூப். கையில் இருந்த கரண்டியைப் பார்த்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை.

உங்கள் வாடிக்கைக்காரர்கள் எந்தக் கரண்டியில் மருந்து குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டில் டீ ஸ்பூன் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து பினாங்கில் எந்த வீட்டிலும், எந்தக் கோப்பிக் கடையிலும் கரண்டி என்றால் அடி தட்டையான சீனப் பீங்கான் கரண்டிதான். சாப்பாட்டு அறைக் கரண்டியை வார்டுக்குக் கொண்டுபோய் அளவு கிளாஸில் நான்கு தடவை ஊற்றி அளந்தேன். நான்கு டிராம் பிடிக்கிறது. நான்கு டீ ஸ்பூன்.

பதினாறு நாள் மருந்தை நான்கு மடங்கு கரண்டியில் குடித்தால் நான்கே நாள். நீங்கள் எழுதிய விடை வந்துவிட்டது பாருங்கள்.

இனி நான் கேட்பதற்கு அலங்காரம் இல்லாமல் பதில் வேண்டும். அந்த டானிக்கில் என்ன இருக்கிறது?

நவமணி


பினாங்கு
6 பிப்ரவரி 1932

நவமணி,

எட்டிக்கொட்டைச் சத்து. மற்றதெல்லாம் சர்க்கரைப் பாகு, ஆரஞ்சுத் தோல், நிறத்துக்குக் கருக்கிய வெல்லம். எட்டிதான் நரம்பை எழுப்புவது, அளவு மீறினால் இழுத்து இறுக்குவதும் அதுதான். டீ ஸ்பூனுக்குச் சரியான அளவில்தான் கலக்கிறேன். அதில் என் கை ஒரு துளி தவறியதில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

நீ எழுதியதைப் படித்தபின் கடைக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். நம் டானிக் குடிக்கும் தோணிக்காரர் ஒருவர் புட்டியோடு வந்தார். மேசைமேல் கிடந்த பீங்கான் கரண்டியை எடுத்தார். விளிம்பு வழிய ஊற்றிக் குடித்தார். கரண்டியை நக்கினார். நான் என் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆனாலும் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு நாளைக்கு ஒரு புட்டி என்பதுதான் மீரானுடைய கடை. அது பதினாறு நாளைக்கு ஒரு புட்டி ஆனால் அவருக்கு நான்கில் ஒரு பங்கு வியாபாரம்தான் மிஞ்சும். இதை இப்போது நான் போய்ச் சொன்னால், கல்லாவில் கிடக்கும் தாளில் மசாலா மடித்துக் கொடுத்துவிடுவார். கையெழுத்து ஆகட்டும். பரீட்சை முடியட்டும். சாவி சட்டப்படி என் இடுப்புக்கு வரட்டும். அப்புறம் பார், ஒரே நாளில் முதலை இரண்டையும் கொன்று தோலை உரிக்கிறேன். இன்னும் இரண்டு மாசம்தானே. இதுவரை யாரும் சாகவில்லை.

அடுத்த கணக்குகளை அனுப்பு. சரக்கின் வலுவைக் குறைக்கும் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாமா


தைப்பிங்
11 பிப்ரவரி 1932

மாமா அவர்களுக்கு,

"இதுவரை யாரும் சாகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதியபின் அதன்மேல் ஒற்றுத்தாள் வைத்து மை உலர்த்தி, மடித்து, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். இடையில் ஒரு தடவைகூடக் கை கூசவில்லையா?

கிண்ணம் கழுவுவது அசிங்கம் என்றீர்கள். நான் தினமும் கழுவுகிறேன், கழுவினால் போய்விடுகிறது.

வலுவைக் குறைக்கும் கணக்கு ஒன்று மட்டும் தாளின் பின்பக்கம் செய்து காட்டியிருக்கிறேன், ஏற்கெனவே எழுதிவிட்டதால். அந்த டானிக் இதே விதமாக விற்கும்வரை வேறு கணக்கு வராது. கடிதமும் வராது.

நவமணி


பினாங்கு
27 பிப்ரவரி 1932

மருமகளே,

நீ பதில் எழுத மாட்டாய். எழுதாதே. படித்தால் போதும்.

சூலியா ஸ்ட்ரீட் முனையில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் விற்கும் காமாரியாவை உனக்குத் தெரியாது. பினாங்கில் அவளுக்கு மேல் சத்தமாகப் பேசக்கூடியது எதிர்க்கரைப் பிறை ஊரிலிருந்து வரும் பயணப் படகின் சங்கு ஒன்றுதான், அதுவும் காற்று சாதகமாக இருந்தால். கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள், என்னைப்போன்ற அறிஞர்கள், எவரையும் விட்டுவைக்காத வாய்.

செவ்வாய்க்கிழமை காலை அங்கே நின்றேன். பக்கத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரன் மணியை அடித்தான். காமாரியா தீப்பட்டவள்போல் துள்ளினாள். கையில் இருந்த தேங்காய்த் துருவல் என் சட்டையெல்லாம். அவனைத் திட்ட வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தாடை இறுகிப்போய்விட்டது. பல்லுக்கு நடுவில் ஏதோ சொல்கிறாள், கண் மட்டும் பெரிதாக என்னைப் பார்க்கிறது. பலகைக்குக் கீழே நம் புட்டி. இரண்டு முதலையும் வாயைப் பிளந்துகொண்டு சிரிக்கின்றன. பக்கத்தில் பீங்கான் கரண்டி.

சந்தில் இருட்டாகக் கிடந்த ஒரு அறையில் அவளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் எட்டி மறுபடி இழுக்கும் என்பதால் நானே வாசலில் காவல் நின்றேன். மத்தியானத்துக்குத் தாடை விட்டது. விட்டதும் அவள் பேசிய முதல் வார்த்தை:

"அண்ணே, இன்னிக்கு வேலை கனம்னு ஒரு கரண்டி கூடக் குடிச்சேன்லா. நல்ல மருந்து. உடம்பு எப்படித் துள்ளுது பாத்தீங்களா?"

நல்ல மருந்தாம். நான் சந்தின் ஓரமாகப் போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். கணக்குப் புத்தகத்துக்கு வராத வாந்தி இதற்கு வந்தது.

நேராகக் கடைக்குப் போய் மீரானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புட்டிக்கு ஒரு சின்னத் தகரக் கரண்டி சேர்த்துக் கொடுக்கலாம் என்றேன். அவர் சாசரைக் கீழே வைத்தார்.

"நாலு நாளு புட்டியப் பதினாறு நாளு புட்டியா ஆக்கணுங்கீரு."

"ஆமா."

"அதுக்குத் தகரக் கரண்டியும் நானே வாங்கிக் கொடுக்கணும்."

"ஆமா."

"அப்புறம் உம்ம தாளுல கையெழுத்தும் போடணும்." சிரித்தார். "பின்கட்டுல புட்டி நெறையக் கெடக்கு ஓய். இப்பவே போயிக் கழுவிப் பழகிக்கிடும்."

போனேன். உண்மையிலேயே போய்ப் புட்டி கழுவினேன். புட்டிகளின் அடியில் பாகு ஒட்டிக் கிடந்தது. ஒரு புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன், அடியில் இருந்த டானிக் வெளுத்தது. அப்போதுதான் நீ தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டிய கணக்கு நினைவுக்கு வந்தது. இவர்கள் கரண்டியை மாற்ற மாட்டார்கள். மீரான் நான்கு நாளை மாற்ற மாட்டார். மாறக்கூடியது புட்டிக்குள் இருப்பது மட்டும்தான்.

கரண்டி நான்கு மடங்கு பெரிது என்றால் மருந்தை நான்கில் ஒன்றாக இளக்க வேண்டும். ஒரு பங்கு டானிக், மூன்று பங்கு தண்ணீர். பீங்கான் கரண்டி நிறையக் குடித்தாலும் உள்ளே போகும் எட்டி ஒரு டீ ஸ்பூனுக்கு உரியதுதான். புட்டி நான்கே நாளில் தீரும். கசப்பு போனால் மருந்து போனதாக நினைப்பார்கள், அதற்கு நிலவேம்புக் கஷாயம். கையைத் துடைத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தேன். இந்த முறை காமாரியாவின் தாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"முதலாளி, எட்டிச் சத்து வாங்குற செலவுல முக்கால் பங்கு மிச்சம் பண்ண ஒரு வழி இருக்கு. வெல அதே வெல. புட்டி அதே நாலு நாள்."

அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார் நவமணி. கண்ணில் நீர் தளும்பியது. "யா அல்லா! இத ஏன் ஓய் இருவது வருசமாச் சொல்லல?" என்று கேட்டு, கல்லாவைத் திறந்து, தாளை எடுத்துப் பட்டென்று கையெழுத்துப் போட்டார். "மிகவும் நேர்மையானவர்" என்று கேட்காமலே ஒரு வரி சேர்த்தார். அந்த வரியைத் தொடும்போது அழுகின மீனைத் தொடுவது போல இருக்கிறது.

புதுக் கலவை இன்று முதல் விற்கிறது. கணக்கு சரியா என்று நீ பார்த்துச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

மாமா


தைப்பிங்
4 மார்ச் 1932

மாமா,

கணக்கு சரி. தலைமை கம்பவுண்டரிடமும் காட்டினேன், அவரும் சரி என்றார்.

சரியான விடையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது இதுதான் முதல் தடவை. காமாரியா அக்கா முன்பு கொடுத்த அதே விலையைக் கால் பங்கு மருந்துக்குக் கொடுக்கப்போகிறார். மிச்சம் உங்கள் முதலாளியின் கல்லாவுக்கு. வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் பழைய கலவையை வேறு கடையில் தேடிப்போவார்கள். அக்காவுக்கு இனித் தாடை இறுகாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

லேபிளில் 'டீ ஸ்பூன்' என்ற வார்த்தை இனி இருக்கக் கூடாது. பீங்கான் கரண்டியைப் படமாகவே போடுங்கள், படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். ஒரு கரண்டி, மூன்று வேளை, அதற்குமேல் கூடாது. பழைய புட்டிகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும். நீங்களே போக வேண்டும்.

இருபத்துநான்கு கணக்கு இத்துடன் இருக்கிறது. வாரம் ஒன்றுக்கு இவ்வளவு அனுப்புவேன். பரீட்சையில் ஸ்பூன் கணக்கு வந்தால் பதினாறு என்று எழுதுங்கள். வியாக்கியானம் எழுத வேண்டாம். யானை, மாலை, ஊர்வலம் எதுவும் வேண்டாம். பதினாறு.

அன்று சாக்கடை ஓரம் நடந்ததை நீங்கள் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நவமணி


பினாங்கு
21 மே 1932

மருமகளுக்கு,

தேறிவிட்டேன். நேற்றுத் தபாலில் வந்தது. சாவி இடுப்புப் பள்ளத்துக்குத் திரும்பிவிட்டது. லைசென்ஸை மீரான் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டி, மல்லிகைச் சரம் சாத்தி, சாம்பிராணியும் காட்டினார். ஸ்பூன் கணக்கு வந்தது. பதினாறு என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை வேட்டியில் துடைத்தேன்.

பழைய புட்டிகளை முடிந்தவரை திரும்ப வாங்கிவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் என்னைத் திருடனாகவே பார்த்தார்கள், மருந்து தீருமுன் புட்டியைப் பிடுங்குகிறவன் வேறு யார்?

இன்று காலையில் கடை நிறைய ஆள். லைசென்ஸைப் பார்க்க வந்த கூட்டம். நானும் புதுச் சட்டையோடு, இந்தப் பரீட்சையை எழுதியவர்களில் பாதிப்பேர் மண்டபத்திலேயே மயங்கி விழுந்ததையும், நான் அவர்களைத் தாண்டித் தாண்டி விடைத்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். காமாரியா உள்ளே வந்தாள். காலிப் புட்டியை மேசைமேல் டொம்மென்று வைத்தாள்.

"எல்லாரும் கேளுங்கலா! முன்ன இவரு மருந்து ஒரு கரண்டி குடிச்சா காலு தரையில நிக்காது. இப்ப வாயி கசக்குது, அவ்ளோதான். பெரிய லைசென்சு வாங்கிட்டாரு, மருந்துல தண்ணி ஊத்துறாரு!"

மீரான் சாசருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். எனக்கு நாக்கில் நிலவேம்பு ஊறியது. அவள் தாடை எவ்வளவு அழகாக ஏறி இறங்குகிறது என்று பார்த்தேன். ஒரு ஈயால்கூட அவ்வளவு சுதந்திரமாக அசைய முடியாது.

"பேசுங்க அண்ணே. எவ்ளோ ஊத்துறீங்க?"

இருபது வருஷமாக என்னிடம் மருந்து வாங்குகிறவள். நேருக்கு நேர் நின்று கேட்கிறாள். பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"மூணு பங்கு" என்றேன். "நாலு பங்குல மூணு பங்கு தண்ணி, காமாரியா. அதுதான் உன் உடம்புக்குச் சரி."

தோணிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தச்சர் சிரித்தார். கடையே சிரித்தது. காமாரியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அட போங்கண்ணே! பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஒரு பங்குன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்லா. மூணு பங்காம்!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி சரி, இன்னொரு புட்டி குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

மாமா